நீண்ட ரசிகர் தொடருக்குக் குறை சொல்லும் முறை

என் பெறாமகள் ஒருத்தி புதுக்குடியிருப்பில் இருந்து பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சி எழுதுகிறாள். கல்கியின் படகுக்காரப் பெண் பூங்குழலி தஞ்சை அரண்மனையை விட்டு முல்லைத்தீவுக் கரைக்கு வருகிறாள் என்பது கதை. அது நீண்டுகொண்டே போகிறது. வாசிக்கிற எல்லாரும் “நல்லாயிருக்கு, அடுத்தது எப்ப?” என்று மட்டுமே கேட்கிறார்கள். எழுதுகிற பிள்ளைக்கு அது போதாது. இப்படி ஒரு தொடர் உங்கள் கைக்கு வந்தால் எப்படி வாசித்து, எப்படிக் கருத்துச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் மூலக்கதையை எடுத்து வையுங்கள். கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியது, ஐந்து பாகம். இடம்பெயர்வில் புத்தகங்களைப் பறிகொடுத்த வீடுகள்தான் இங்கே அதிகம். ஆனால் 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் போனிலேயே இலவசமாக இறக்கி வாசிக்கலாம். முழுவதும் வேண்டாம், தொடரில் வருகிற ஆட்களின் அத்தியாயங்களை மட்டும் திரும்பப் பாருங்கள்.

அப்புறம் ஒரு கொப்பி. ஒவ்வொரு பகுதியிலும் யார், எங்கே, எந்த மாதம், என்ன சாப்பிட்டார்கள் என்று குறியுங்கள். நீண்ட தொடர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். வன்னியில் நடக்கிற கதை என்றால் நாங்கள் கண்டுபிடிக்காமல் வேறு யார் கண்டுபிடிப்பது? பூங்குழலி கூழுக்குச் செத்தல் மிளகாய் அரைத்தால் தவறு. மிளகாய் போர்த்துக்கேயர் வந்த பிறகு வந்த பொருள், சோழர் காலத்தில் மிளகுதான். மரவள்ளியும் அப்படித்தான். ஒடியல் இருக்கலாம், பனாட்டு இருக்கலாம். வந்தியத்தேவன் இரணைமடுக் குளத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட முடியாது, அந்தக் குளம் 20ஆம் நூற்றாண்டில் கட்டியது. மார்கழியில் பாலைப்பழம் பொறுக்கக் கூடாது, அது வைகாசி, ஆனி வெயிலில் பழுப்பது. அதே மார்கழி வாடைக்கடலில் அவள் தனியே தோணி விட்டால், அந்தக் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்பதும் கதையில் வரவேண்டும். பூங்குழலியால் முடியும், ஆனால் அவள் பாடுபட வேண்டும்.

இவை சின்னப் பிழைகள், ஒரு வரியில் திருத்தலாம். பெரிய குறை ஆட்களின் குணம் மாறுவது. கல்கியின் பூங்குழலி வாய்த்துடுக்குள்ளவள், தனிமையில் பாடுகிறவள், யாருக்கும் பணியாதவள். தொடரில் ஓரிடத்தில் அவள் அழுதாள். வாசித்தவர்கள் உருகிப் பாராட்டினார்கள். அடுத்த பகுதியிலும் அழுதாள், அதற்கடுத்ததிலும் அழுதாள். எழுதியவளை அந்தப் பாராட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆகவே வாசகர்கள் எந்த இடத்தைக் கொண்டாடினார்கள் என்று கேட்டு, அதையும் கொப்பியில் எழுதுங்கள். பிறகு அதற்கடுத்த பகுதிகளைக் கவனமாக வாசியுங்கள். குறை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. எல்லாருக்கும் பிடித்த புதுப்பாத்திரம் ஒன்று வந்து, பழைய ஆட்கள் எல்லாரும் அவனைப் புகழ்வதற்கே வாய் திறந்தால், அதுவும் இதே வியாதி.

பாராட்டையும் பிரித்துப் பாருங்கள். “ஐயோ, வந்தியத்தேவன் வந்துட்டார்!” என்பது கல்கிக்குக் கிடைத்த பாராட்டு. “அந்தக் கிழவியின் பேச்சு எங்கள் அம்மம்மா மாதிரி” என்றால் அது இந்த எழுத்தாளருடையது. அதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

கதையில் கொலையாகிற சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று சண்டை பிடிக்க வேண்டாம். சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் துரோகிகள் என்கிறது. கல்கியோ முடிச்சை முழுதாக அவிழ்க்கவில்லை. தொடர் எழுதுகிறவர் யாரையும் கொலையாளி ஆக்கலாம். அந்த ஆளுக்குக் கொல்வதற்கான காரணம் முன்பகுதிகளில் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

சொல்லும்போது நேரில், தனியாகச் சொல்லுங்கள். பத்துப் பிழை இருந்தாலும் குணம் மாறிய இடத்தை முதலில் எடுங்கள், எந்தப் பகுதி, எந்த வசனம் என்று காட்டுங்கள். மிளகாயையும் குளத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், நேரம் கிடைக்கும்போது திருத்துவார். பல பேர் வாசித்து முடித்த பகுதியில் குணம் மாறியிருந்தால் அதை அழிக்கச் சொல்லாதீர்கள். அவள் ஏன் இவ்வளவு அழுகிறாள் என்று கதைக்குள்ளேயே யாராவது பூங்குழலியிடம் கேட்கட்டும். அவள் சொல்லும் பதிலை அடுத்த பகுதியாக எழுதச் சொல்லுங்கள்.