லாரி ஓட்டுநரின் இரவு உறக்கம்: உரிமையாளர் செய்து தர வேண்டியவை

நெடுந்தூர லாரியில் டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம். பிரேக் சரியில்லை என்று ஓட்டுநர் சொன்னால் பழுது பார்க்காமல் வண்டியை அனுப்புவதில்லை. இருக்கைக்குப் பின்னால் இருக்கும் மெத்தை நைந்து பலகையோடு ஒட்டிப்போனால் மட்டும், அது ஓட்டுநர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று பல நிறுவனங்கள் விட்டுவிடுகின்றன. இது நியாயமில்லை, பாதுகாப்பும் இல்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை நிதானமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குத் தாழ்ந்துவிடுகின்றன என்று 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. குடித்திருப்பவரிடம் சாவியைக் கொடுக்க மறுக்கும் உரிமையாளர், உறங்காதவரிடம் கொடுக்கும்போதும் அதே பொறுப்பைச் சுமக்கிறார். அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றுவது என்பதை இங்கே ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

முதலில் சரிசெய்ய வேண்டியது படுக்கையை அல்ல, பயண அட்டவணையை. எவ்வளவு நல்ல மெத்தை வாங்கிப் போட்டாலும், அதில் படுக்க நேரம் இல்லாவிட்டால் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிகள் நாளொன்றுக்கு 11 மணி நேர ஓய்வைக் கேட்கின்றன; வரம்புக்கு உட்பட்டு அதை 9 மணி நேரமாகக் குறைக்கலாம். அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுநர் 11 மணி நேரம் வரை வண்டி ஓட்டுவதற்கு முன்னால், பொதுவாகத் தொடர்ச்சியாக 10 மணி நேரம் பணியிலிருந்து விலகியிருக்க வேண்டும். இவை ஓய்வுக்கான நேரங்களே தவிர உறக்கத்துக்கானவை அல்ல. குளிப்பது, சாப்பிடுவது, துணி துவைப்பது, வீட்டாரோடு பேசுவது எல்லாம் இதற்குள்ளேயே நடக்க வேண்டும். வயது வந்தவருக்குக் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை என்பதால், அட்டவணை போடுபவர் அந்த 7 மணி நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மற்ற வேலைகளுக்கான நேரத்தை அதற்கு மேல் கூட்ட வேண்டும்.

இங்கே வழக்கமாக நடக்கும் ஓர் அநியாயத்தைச் சொல்லியாக வேண்டும். கிடங்கு வாசலில் லோடு ஏற்றவோ இறக்கவோ காத்திருக்கும் நேரத்தை ஓய்வாகக் கணக்கெழுதுகிறார்கள். முன்னால் நிற்கும் வண்டி நகரும்போதெல்லாம் எழுந்து தன் வண்டியையும் நகர்த்த வேண்டியவர், பெயர் எப்போது அழைக்கப்படும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவர் உறங்க முடியாது. அது பணி நேரம். அப்படியே எழுதி, அதற்கான கூலியையும் கொடுக்க வேண்டும். காத்திருப்பு நீண்டுவிட்டால், அடுத்த இடத்துக்குச் சேர வேண்டிய நேரத்தைத் தள்ளிவைக்க வேண்டுமே தவிர, உறக்கத்திலிருந்து வெட்டக் கூடாது. ஓய்வு நேரத்தில் அலுவலகத்திலிருந்தோ சரக்குக்காரரிடமிருந்தோ போன் போகக் கூடாது என்பதையும் எழுத்தில் உள்ள விதியாக்குங்கள். வண்டி எங்கே நிற்கிறது என்று அறிய ஜிபிஎஸ் இருக்கும்போது, அதைக் கேட்பதற்காக ஒருவரை எழுப்புவது தேவையற்றது.

அடுத்தது படுக்கை. அமெரிக்க விதி குறைந்தபட்ச அளவாக 75 அங்குல நீளம், 24 அங்குல அகலம், மெத்தைக்கு மேல் 24 அங்குல உயரம் என்று வகுத்திருக்கிறது. 24 அங்குலம் என்பது ஏறத்தாழ 61 சென்டிமீட்டர்தான். சராசரி உடல்வாகு உள்ளவர்கூட அதில் தாராளமாகப் புரண்டு படுக்க முடியாது. ஆகவே புது வண்டி வாங்கும்போது இதை எட்ட வேண்டிய இலக்காக வைத்துக்கொள்ளாமல், அகலமான படுக்கை உள்ள கேபினையே கேளுங்கள். இருக்கும் வண்டியில் விரிப்பை எடுத்துவிட்டு, இடுப்பு படும் நடுப்பகுதியை முஷ்டியால் அழுத்திப் பாருங்கள். பலகை கையில் தட்டுப்பட்டால் அந்த மெத்தையின் ஆயுள் முடிந்துவிட்டது. பிறகு மெத்தையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மூச்சின் ஈரமும் வியர்வையும் குளிர்ந்த பலகையில் நீராகப் படிந்து, கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்திருக்கும் மெத்தைகள் ஏராளம். காற்றோட்டமுள்ள சட்டங்களின் மேல் மெத்தையை அமைப்பதும், கழற்றித் துவைக்கக்கூடிய உறை போடுவதும் இதைத் தடுக்கும். ஒரே வண்டியை மாறி மாறி ஓட்டுபவர்கள் இருந்தால், ஒவ்வொருவருக்கும் தனி விரிப்பும் தலையணையும் போர்வையும் நிறுவனமே கொடுக்க வேண்டும். ஒருவரின் வியர்வை படிந்த விரிப்பில் இன்னொருவர் படுக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

வெப்பத்தை மெத்தையைவிடப் பெரிய எதிரி என்றே சொல்வேன். நல்ல உறக்கத்துக்கு அறை சற்றுக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பகல் முழுதும் வெயிலில் காய்ந்த உலோகக் கூட்டுக்குள் அது தானாக அமையாது. இந்தியாவில் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக சரக்கு வாகனங்களின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இது வரவேற்கத்தக்கது என்றாலும், எஞ்சின் ஓடினால்தான் குளிர்சாதனம் இயங்கும் என்ற அமைப்பில் இரவுப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. பெரிய லாரி எஞ்சின் சும்மா ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 3 லிட்டர் டீசல் செலவாகிறது. அதிர்வும் இரைச்சலும் உறக்கத்தைக் கலைக்கின்றன. புகை உள்ளே கசியவும் வாய்ப்புண்டு. எஞ்சினை நிறுத்தியபின் பேட்டரியில் இயங்கும் தனிக் குளிர்சாதனமே இதற்குச் சரியான வழி. காலையில் வண்டி கிளம்புவதற்குரிய மின்சாரத்தை மிச்சம் வைத்துத் தானே நின்றுவிடும் அமைப்பு அதில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்ப்பிரதேசங்களில் டீசலில் எரியும் சிறு ஹீட்டர்களைப் பொருத்துகிறார்கள். அதன் புகைக்குழாய் கேபினுக்கு வெளியே சரியாகப் போகிறதா, இணைப்புகளில் கசிவு உண்டா என்று குளிர்காலம் தொடங்கும் முன் மெக்கானிக்கைக் கொண்டு சோதிக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறமில்லை. உறங்குபவர் அறியாமலே அவரைக் கொன்றுவிடும். ஆகவே படுக்கைக்கு அருகில் அதற்கான அலாரம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். மூடிய கேபினுக்குள் அடுப்போ கரியோ எரிப்பதை முற்றிலும் தடை செய்யுங்கள். தடை செய்வதோடு, குளிர் காய வேறு வழியையும் செய்து கொடுங்கள்.

கண்ணாடிகள் அனைத்தையும் மறைக்கும் தடித்த திரை, உள்ளிருந்து பூட்டும் கதவு, படுத்துக்கொண்டே அணைக்கக்கூடிய சிறு விளக்கு ஆகியவை மலிவானவை. அவற்றைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

வண்டி எங்கே நிற்கிறது என்பதையும் உரிமையாளரே தீர்மானித்துக் கொடுக்க வேண்டும். கழிப்பறை, தண்ணீர், வெளிச்சம், காவல் உள்ள நிறுத்துமிடங்களைப் பயணம் தொடங்கும் முன்பே குறித்துக் கொடுத்து, அதன் கட்டணத்தை நிறுவனம் ஏற்க வேண்டும். சரக்கு திருடு போனால் சம்பளத்தில் பிடிப்போம் என்று சொல்லிவைத்திருக்கும் நிறுவனத்தின் ஓட்டுநர், ஒரு கண்ணைத் திறந்துகொண்டுதான் படுப்பார். வாராந்திர நீண்ட ஓய்வுக்குக் கேபின் எவ்வகையிலும் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 மணி நேர வார ஓய்வை வண்டிக்குள் எடுக்கக் கூடாது. தங்குமிடச் செலவு முதலாளியுடையது. அந்த விதி இல்லாத இடங்களிலும் இதையே பின்பற்றுவது முறை.

இருவர் மாறி ஓட்டும் வண்டிகளில், ஓடும்போது படுத்திருப்பவரைத் தாங்கும் வலையோ பட்டையோ வேண்டும். அசைவில் அடிக்கடி கலையும் அந்த உறக்கத்தை முழு இரவு உறக்கத்துக்கு ஈடாகக் கணக்கிடாதீர்கள். எழுந்தவுடன் அரை மணி நேரம் வரை மூளை மந்தமாக இருக்கும் என்பதால், விழித்த கையோடு ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லவும் கூடாது.

போதிய நேரம் உறங்கியும் பகலில் கண் சொருகுகிறது, உரக்கக் குறட்டை விடுகிறார் என்றால், அது உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். பரிசோதனைச் செலவை ஏற்பதும், மூச்சுக் கருவி தேவைப்பட்டால் கேபினில் அதற்கு மின் இணைப்பு கொடுப்பதும் உரிமையாளரின் கடமை. நோயைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பணம் ஒதுக்க முடியாதவர்கள் உண்டு. அவர்கள் அட்டவணையை இந்த வாரமே திருத்தலாம். அதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ஹீட்டர் உள்ள வண்டிகளுக்கு அலாரத்தைத் தாமதிக்காமல் வாங்குங்கள். அதன்பின் மெத்தைகள், அதன்பின் குளிர்சாதனம், அதிலும் வெயில் தடங்களில் ஓடும் வண்டிகளுக்கு முதலில். பெரிய தொகைக்குக் கருவி வாங்கும் முன், அந்த வண்டி வழக்கமாக நிற்கும் இடத்திலேயே உரிமையாளர் ஓர் இரவு அதே படுக்கையில் படுத்துப் பார்க்க வேண்டும். தினமும் டயரையும் விளக்கையும் பதியும் குறை நோட்டில் படுக்கைக்கும் ஒரு வரி ஒதுக்கி, அதில் எழுதப்படும் குறையை எத்தனை நாளில் சரிசெய்வோம் என்று அதே பக்கத்தில் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.