கொடுங்கோல் என்றால் அடிக்கிற கோல் இல்லை

டெல்லியில் போராட்டங்கள் நடக்கும் ஜந்தர் மந்தர் பக்கம் போனால் 'தானாஷாஹி நஹீ சலேகி', அதாவது 'சர்வாதிகாரம் செல்லாது' என்ற இந்தி கோஷம் காதில் விழும். அதையே தமிழில் எழுதும்போது சர்வாதிகாரம், கொடுங்கோல், எதேச்சாதிகாரம், முடியாட்சி என்று வாயில் வந்ததைப் போட்டுவிடுகிறோம். நான்கும் ஒன்றில்லை, மாற்றிப் போட்டால் சொல்ல வந்த குற்றச்சாட்டே மாறிப்போகும்.

அதிகம் தப்பாகிறது கொடுங்கோல்தான். கொடுமை செய்கிற கோல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொடு என்றால் வளைவு, கொடுவாளில் இருப்பதும் அதே கொடு. அதேபோல செங்கோலின் 'செம்' சிவப்பும் இல்லை. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் சபாநாயகர் இருக்கைக்குப் பக்கத்தில் செங்கோல் வைத்தார்களே, அப்போது இங்கே வளர்கிற நம் பிள்ளைகள் சிலர் "தங்க நிறத்தில்தானே இருக்கிறது, ஏன் செங்கோல்?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. இங்கே செம்மை என்பது நேராக இருப்பது. எந்தப் பக்கமும் கோடாமல், அதாவது சாயாமல், நேரான கோல் போல நடக்கும் முறை என்றுதான் திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரை சொல்கிறது. ஆக, மக்களைச் சாட்டையால் அடிக்காதவனும், வேண்டியவனுக்கு ஒரு நீதி வேண்டாதவனுக்கு ஒரு நீதி என்று வளைந்துவிட்டால் கொடுங்கோலன்தான்.

அப்புறம் எழுத்து. திருக்குறளின் 56-ஆவது அதிகாரம் கொடுங்கோன்மை. கோல் + மை சேர்ந்து கோன்மை ஆனது, இதில் அரசன் என்ற பொருளுள்ள 'கோன்' கிடையாது. 'கோண்மை' என்று மூன்று சுழி ண போடுவதும் பிழை.

சர்வாதிகாரம் வேறு: சர்வ அதிகாரமும் ஓரிடத்தில் குவிவது. அரசர் என்றாலே சர்வாதிகாரி என்று எழுதாதீர்கள். பிரிட்டனில் முடியாட்சி இருக்கிறது, சட்டம் போடுவது நாடாளுமன்றம். மறுபக்கம், சர்வாதிகாரி என்று நாம் மொழிபெயர்க்கிற 'டிக்டேட்டர்' பழைய ரோமில் ஆபத்துக் காலத்தில் முறைப்படி கொடுத்த பதவி, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் அதை ஆயுள் பதவியாக ஆக்கிக்கொண்டார்.

எதேச்சாதிகாரம் என்றால் இஷ்டப்படி ஆளுவது, யதேச்சை என்பதிலிருந்து வந்தது. 'ஆட்டோகிரசி'க்கு இதைப் போடலாம். கிரேக்கத்தில் 'ஆட்டோ' என்றால் தான், அதனால் தன்னாட்சி என்று சிலர் எழுதிவிடுகிறார்கள், அது கூடவே கூடாது. தமிழில் தன்னாட்சி என்பது மாநிலங்களும் கல்லூரிகளும் கேட்டுப் பெறுகிற உரிமை.