எஸ் பாஸ் என்றார்கள், வந்தது வொர்க் பெர்மிட்

கிருஷ்ணகிரியில் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த என் தங்கை மகனுக்குச் சிங்கப்பூரில் எஸ் பாஸ் வேலை என்று சொல்லி, ஒரு ஏஜென்ட் முன்பணமும் பாஸ்போர்ட்டும் வாங்கிக்கொண்டார். அப்புறம் வந்த ஐ.பி.ஏ. கடிதத்தை, அதாவது முன் அனுமதிக் கடிதத்தைப் பார்த்தால், அதில் இருந்தது வொர்க் பெர்மிட்.

அங்கே வேலை அனுமதி முக்கியமாக மூன்று வகை. உயர் பதவிகளுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ். நம் கதைக்கு அது வேண்டாம். நடுத்தரத் திறனுக்கு எஸ் பாஸ். 2025 செப்டம்பர் முதல் இதற்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 சிங்கப்பூர் டாலர், வயது கூடினால் அதுவும் கூடும். வொர்க் பெர்மிட்டுக்குப் பொதுவாக அப்படி ஒரு வரம்பு கிடையாது. நம்மவர்களுக்குப் பெரும்பாலும் கட்டுமானம், கப்பல் பட்டறை வேலைகள். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அது மட்டமான வேலை என்று சொல்லவில்லை. எஸ் பாஸ் விலைக்கு அதை விற்பதுதான் அநியாயம்.

கடிதத்தில் கம்பெனி பெயர், அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் தளத்தில் சரிபார்த்தோம், கடிதம் அசல்தான். கம்பெனிக்கே மெயில் போட்டோம். விண்ணப்பித்ததே வொர்க் பெர்மிட்டுக்குத்தான் என்று பதில் வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளியை வைத்துக்கொள்ள அரசுக்குக் கட்டும் லெவி என்ற வரியை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்பது அங்கே சட்டம். ஏஜென்ட் போட்ட கணக்கில் அதுவும் இருந்தது!

மெயிலைப் பிரிண்ட் எடுத்துப் போய் மேசையில் வைத்ததும் பேச்சு மாறியது. முன்பணம் திரும்பி வந்தது, பாஸ்போர்ட்டும். மாப்பிள்ளை இப்போது ஓசூரில் ஒரு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே, கம்பெனிகளுக்கு நேரடியாகப் பயோடேட்டா அனுப்புகிறான்.