டிரில் மெஷினைக் கெடுக்கும் தவறுகள்

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் கட்டட வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளிடமிருந்து பழுதுபார்க்க வரும் டிரில் மெஷின்களைப் பிரித்தால், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் கண்ட அதே சேதம் அதே இடத்தில் இருக்கிறது. கண்ணாடி அணிவதையும், பிட் மாற்றும்போது பிளக்கைக் கழற்றுவதையும் எல்லோரும் அறிவார்கள். அவற்றை இங்கே எழுதவில்லை.

மெதுவாக ஓட்டினால் சூடாகாது என்று நம்புவது

அதிகச் செலவு வைக்கும் தவறு இதுதான். இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுவே. சுவருக்குப் பட்டி பார்க்கும் இடங்களில், 10 மில்லிமீட்டர் சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) உள்ள சிறிய டிரில்லில் கலக்கும் கம்பியை மாட்டி, விரல் விசையைப் பாதி மட்டும் அழுத்தி வாளி நிறையப் பட்டியைக் கலக்குகிறார்கள். பல்லடம் அருகே ஒரு வீட்டில், காற்றுத் துளைகளில் புகை கிளம்பிய பிறகும் ஒரு தம்பி மெஷினை நிறுத்தாமல், விசையை இன்னும் தளர்த்தி ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "மெதுவாத்தானுங்க அண்ணா ஓட்டினேன், அப்புறம் எப்படிங்க எரியும்?" என்றார். அவர் மீது குற்றமில்லை. மெஷினை விற்றவரும் வேலைக்கு அழைத்து வந்தவரும் அவருக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒயர் உள்ள டிரில்லில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். இரண்டு கார்பன் துண்டுகள், செம்புப் பட்டைகளாலான உருளையான கம்யூட்டேட்டரை உரசி, காயில் சுற்றிய சுழலும் பாகமான ஆர்மேச்சருக்கு மின்சாரம் தருகின்றன. ஆர்மேச்சர் சுழலும்போது, வருகிற மின்சாரத்தை எதிர்க்கும் மின்னழுத்தம் ஒன்று அதிலேயே உண்டாகிறது. பாரம் ஏறி வேகம் தாழ்ந்தால் அந்த எதிர்ப்பும் தாழ்ந்து, காயிலில் கூடுதல் மின்னோட்டம் பாய்கிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் காயிலில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். அந்த வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய விசிறியோ ஆர்மேச்சரின் அதே தண்டில் பொருத்தப்பட்டிருப்பதால், வெப்பம் மிக அதிகமாக எழும் நேரத்தில்தான் காற்று மிகக் குறைவாக வீசுகிறது.

1889-ல் மெல்போர்னில் ஆர்னாட், பிரெய்ன் இருவரும் காப்புரிமை பெற்ற முதல் மின்சாரத் துளைப்பான் கையில் ஏந்தக்கூடியதன்று. 1895-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் கையடக்க டிரில்லைச் செய்தது. துப்பாக்கிப் பிடியும் விரல் விசையும் கொண்ட வடிவத்துக்கு பிளாக் அண்டு டெக்கர் 1917-ல் காப்புரிமை பெற்றது. அந்த விசை ஓட்டவும் நிறுத்தவும் மட்டுமே பயன்பட்டது. அழுத்தத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் மின்னணு விசை பின்னால் வந்தது. பிட் வழுக்காமல் துளையைத் தொடங்கவும் திருகாணி முடுக்கவும் அது உதவும். வாளியை மணிக்கணக்கில் கலக்க உதவாது.

எரிந்த மெஷினைப் பிரித்தவுடன் கருகிய வார்னிஷ் வாடை மூக்கில் ஏறும். செம்புக் கம்பியின் பூச்சு கறுத்திருக்கும். கம்யூட்டேட்டர் பட்டைகளில் தீப்பொறித் தழும்புகள் தெரியும். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் 1937-ல் மோட்டார் செய்த ஊர் கோவை என்பதால், எந்த மோட்டாருக்கும் காயில் கட்டித் தர ஆள் உண்டு. ஆனால் சிறிய டிரில்லின் ஆர்மேச்சரைக் கட்டும் கூலி பல சமயம் புதியதன் விலையை நெருங்கிவிடும். பட்டி கலக்க, பல்சக்கரத்தால் வேகம் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டிய மிக்சர் மெஷினை வாடகைக்காவது எடுங்கள். கனமான துளை போட்டபின், பாரமில்லாமல் முழு வேகத்தில் சற்று நேரம் ஓடவிட்டு உள்ளே காற்றைச் செலுத்துங்கள்.

கான்கிரீட் தூணில் ஹாமர் டிரில்லை உடம்பால் அழுத்துவது

சாதாரண ஹாமர் டிரில்லில் இரண்டு பல்தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால் அதிர்வு எழுகிறது. செங்கல்லுக்கு அது போதும். தூணுக்கும் பீமுக்கும் ரோட்டரி ஹாமர் வேண்டும். அதில் பிஸ்டன் அமுக்கும் காற்று ஒரு சுத்தியைத் தள்ளி பிட்டின் பின்புறத்தை அடிப்பதால், நாம் அழுத்தி ஆவது ஒன்றுமில்லை. பிட் திடீரென்று நின்று கை முறுக்கிக்கொண்டால் உள்ளே கம்பி இருக்கிறது. துளையைத் தள்ளிப் போடுங்கள்.

டைல்ஸில் ஹாமரைப் போடுவது

விரிசல் விடும். டைல்ஸைத் தாண்டும்வரை ஹாமரை அணைத்து வையுங்கள்.

சக்கின் ஒரே ஓட்டையில் சாவியை வைத்து முடுக்குவது

மூன்று ஓட்டைகளிலும் சாவியை மாற்றி மாற்றி முடுக்குங்கள்.

18-ஐ விட 21 வோல்ட் வலிமையானது என்று வாங்குவது

1961-ல் வந்த ஒயரில்லாத டிரில் நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடியது. இன்று கடைகளில் இருப்பவை பெரும்பாலும் லித்தியம்-அயன். ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்து செல்களைத் தொடராக இணைத்தால் முதல் கணக்கில் 18, இரண்டாவது கணக்கில் 21. செல்கள் ஐந்தாக இருக்கும்வரை பெட்டியின் மேல் அச்சடித்த எண்தான் வேறு. ஆகவே பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் ஆம்பியர்-மணி அளவையும், முறுக்கு விசையை நியூட்டன்-மீட்டரில் எவ்வளவு தந்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

கொதிக்கும் பேட்டரியைச் சார்ஜரில் செருகுவது

ஆறவிட்டுச் செருகுங்கள். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் பேட்டரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஓடும்போது கியர் மாற்றுவது

பல் உடையும்.

ஒரு கார்பனை மட்டும் மாற்றுவது

இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியவை பதியும்வரை பாரமில்லாமல் சில நிமிடங்கள் ஓட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.