ஆப்ட் கட்டளை: என்டர் தட்டும் முன் என்ன படிக்க வேண்டும்?

டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகிய மூன்று லினக்ஸ் இயங்குதளங்களிலும் மென்பொருளை நிறுவ, புதுப்பிக்க, நீக்க டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், பயன்படுவது ஆப்ட். புதிதாக வருபவர்கள் பலர், எங்கோ பார்த்த கட்டளையை அப்படியே ஒட்டி, கேட்டதற்கெல்லாம் ‘ஒய்’ தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் ஆப்ட் பெரிய மாற்றம் எதையும் சொல்லாமல் செய்வதில்லை. செய்யப்போவதைப் பட்டியல் போட்டுவிட்டுத்தான் அனுமதி கேட்கும். அந்தப் பட்டியலைப் படிக்கப் பழகிவிட்டால் டெர்மினல் மீதிருக்கும் பயம் பெரும்பாலும் போய்விடும்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில், வேறு சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்திலேயே தட்டுங்கள். ஆப்ட் என்பது ஏ, பி, டி என்ற மூன்று எழுத்து.

முதல் படி: பட்டியலைப் புதுப்பிப்பது

சூடோ ஆப்ட் அப்டேட்

சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது. கடவுச்சொல் கேட்கும், தட்டும்போது பெரும்பாலும் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம், தட்டி முடித்து என்டர் அடியுங்கள்.

இந்தக் கட்டளை எந்த மென்பொருளையும் மாற்றாது. களஞ்சியத்தில், அதாவது மென்பொருட்களைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் கிடங்கில், என்னென்ன பேக்கேஜ்கள் (நிறுவத் தயாராகக் கட்டி வைத்த மென்பொருள் பொதிகள்), எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் இறக்கி வைத்துக்கொள்ளும். வரிகளின் தொடக்கத்தில் ‘ஹிட்’ என்று வந்தால் போன முறைக்கு அப்புறம் அங்கே மாற்றம் இல்லை, ‘கெட்’ என்று வந்தால் புதிய பட்டியல் இறங்கியிருக்கிறது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு நிறுவப் போனால், களஞ்சியத்தில் இப்போது இல்லாத பதிப்பைத் தேடி ஆப்ட் தோற்றுப்போகலாம். அதனால் எப்போதும் இதுதான் முதலில்.

அடுத்து: தேடி, நிறுவி, பார்ப்பது

பெயர் சரியாகத் தெரியாவிட்டால் ‘ஆப்ட் சர்ச்’ போட்டு ஒரு சொல்லைக் கொடுங்கள். விவரம் வேண்டுமானால் ‘ஆப்ட் ஷோ’ போட்டுப் பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள். இரண்டுக்கும் சூடோ தேவையில்லை. இப்போது ‘ட்ரீ’ என்ற சின்னக் கருவியை நிறுவுவோம். ஒரு கோப்புறைக்குள் இருப்பதைக் கிளை பிரித்துக் காட்டும் கருவி இது.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ட்ரீ

இது பெரும்பாலும் கேள்வி கேட்காமலே முடிந்துவிடும். காரணம், நீங்கள் கேட்ட ஒன்றைத் தவிர வேறெதையும் அது தொட வேண்டியதில்லை. படங்களைத் திருத்தும் ஜிம்ப் மாதிரி பெரிய மென்பொருளைக் கேட்டுப் பாருங்கள், கதை வேறு. அது ஓடுவதற்குத் தேவையான மற்ற பேக்கேஜ்களையும் ஆப்ட் தானே கணக்குப் போட்டுச் சேர்த்துக்கொள்ளும். அப்போதுதான் பட்டியலைக் காட்டி, ‘ஒய்’யா ‘என்’னா என்று கேட்கும். அந்தக் கேள்வியில் ‘ஒய்’ பெரிய எழுத்தில் இருக்கும். வெறும் என்டர் அடித்தாலே சம்மதம் என்று பொருள். கவனம்!

இங்கே நிறுத்தி மேலே பாருங்கள். புதிதாக வருபவை, பரிந்துரைக்கப்படுபவை, நீக்கப்படுபவை எல்லாம் தனித்தனித் தலைப்பில் இருக்கும். கடைசியில், எத்தனை புதுப்பிக்கப்படும், எத்தனை புதிதாக வரும், எத்தனை நீக்கப்படும் என்று ஒரே வரியில் எண்கள் வரும். நீக்கப்படும் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஒரு மென்பொருளை நிறுவச் சொன்னதற்கு நாற்பது பேக்கேஜ்களை நீக்குகிறேன் என்று சொன்னால், ‘என்’ தட்டி வெளியே வாருங்கள். உங்கள் டெஸ்க்டாப் சூழலே அந்த நாற்பதில் இருக்கலாம்.

ஒத்திகை பார்க்கவும் வழி உண்டு.

ஆப்ட் -எஸ் இன்ஸ்டால் ஜிம்ப்

இந்த ‘-எஸ்’ எதையும் மாற்றாமல், என்ன நடக்கும் என்பதை மட்டும் காட்டும். சூடோகூட வேண்டாம். ‘-ஒய்’ என்ற இன்னொரு விருப்பமும் பல விளக்கங்களில் கண்ணில் படும். கேள்விக்கெல்லாம் தானாகவே சம்மதம் சொல்லிவிடும். பட்டியலைப் படிக்கிற பழக்கம் வரும்வரை அதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

இருப்பவற்றைப் புதுப்பிக்க

‘ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்’ எவற்றுக்குப் புதிய பதிப்பு காத்திருக்கிறது என்று காட்டும். ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’ அவற்றை நிறுவும். அப்டேட் பட்டியலுக்கு, அப்கிரேட் மென்பொருளுக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்கிரேட் ஏற்கெனவே இருக்கும் எதையும் நீக்காது. நீக்கினால்தான் புதுப்பிக்க முடியும் என்ற நிலை வந்தால் அந்தப் பேக்கேஜை அப்படியே விட்டுவிடும். ‘ஃபுல்-அப்கிரேட்’ தேவைப்பட்டால் நீக்கவும் செய்யும்.

பழைய விளக்கங்களில் ‘ஆப்ட்-கெட்’ என்று பார்ப்பீர்கள். அதுவும் வேலை செய்யும். ஆப்ட் என்ற எளிய கட்டளை 2014-இல் வெளிவந்த 1.0 பதிப்பிலிருந்து பரவலானது. கையால் தட்டுகிறவர்களுக்கு இது வசதி, கட்டளைகளைத் தொகுத்துத் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்களுக்கு ஆப்ட்-கெட்தான் ஏற்றது.

நீக்குவது

‘சூடோ ஆப்ட் ரிமூவ்’ மென்பொருளை நீக்கும், ஆனால் ஈடிசி கோப்புறையில் இருக்கும் அதன் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். மறுபடி நிறுவினால் பழைய அமைப்போடு கிடைக்கும். அவையும் வேண்டாமென்றால் ‘பர்ஜ்’. இரண்டுமே உங்கள் ஹோம் கோப்புறைக்குள் கை வைக்காது. ‘ஆட்டோரிமூவ்’, துணையாக வந்து இப்போது யாருக்கும் தேவைப்படாதவற்றைக் கழிக்கும். அதன் பட்டியலில் நீங்கள் பயன்படுத்துகிற ஒன்று தெரிந்தால், ‘சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்’ போட்டு அதன் பெயரைக் கொடுங்கள். அப்புறம் அதைத் தொடாது.

வெளிக் களஞ்சியங்கள்

களஞ்சியப் பட்டியலில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். இறங்குகிற ஒவ்வொரு பேக்கேஜையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் ஆப்ட் ஏற்கும். முன்பின் தெரியாத களஞ்சியத்தைச் சேர்த்து அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியையும் ஏற்றுக்கொண்டால், அதை நடத்துகிறவரை முழுக்க நம்புகிறீர்கள் என்று பொருள். பேக்கேஜ் நிறுவப்படும்போது அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட்கள் நிர்வாகி உரிமையோடு ஓடும். அதிகாரப்பூர்வக் களஞ்சியத்தில் கொஞ்சம் பழைய பதிப்பு கிடைத்தால்கூட நான் அதைத்தான் எடுப்பேன்.

‘லாக்’ கிடைக்கவில்லை என்று சொன்னால்

லாக் என்பது ஒரே நேரத்தில் ஒரு நிரலை மட்டும் பேக்கேஜ்களைத் தொட விடும் பூட்டு. அது கிடைக்கவில்லை என்றால், வேறொரு நிரல் ஏற்கெனவே பேக்கேஜ்களைக் கையாண்டுகொண்டிருக்கிறது, பெரும்பாலும் பின்னணியில் ஓடும் தானியங்கிப் புதுப்பிப்பு. சில நிமிடங்கள் காத்திருங்கள். லாக் கோப்பை அழித்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பேக்கேஜ் தரவுத்தளத்தில் எழுதினால் அது சிதைந்துபோகலாம். நிறுவும்போது பாதியில் மின்சாரம் போயிருந்தால் மட்டும், கணினி திரும்ப வந்ததும் ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ ஓட்டுங்கள். அரைகுறையாக நின்ற பேக்கேஜ்களின் வேலையை அது முடித்துவைக்கும். அப்போதும் சார்புகள் (ஒரு பேக்கேஜ் ஓடத் தேவையான மற்ற பேக்கேஜ்கள்) குறைகின்றன என்று வந்தால் ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’. இதிலும் பட்டியல் வரும், நீக்கப்படுபவை எவை என்று பார்த்துவிட்டே ‘ஒய்’ தட்டுங்கள்.