லர்ச்சர் குட்டி வாங்கும் முன்: எத்தனை அங்குலம், என்ன கலப்பு?

தமிழில் முயல் என்றால் முயல்தான். ஆங்கிலேயருக்கு அது இரண்டு பிராணி: வளை தோண்டி வாழ்கிற சின்ன ராபிட், திறந்த வயலில் பதுங்கிக் கிடக்கிற பெரிய ஹேர். நம் ஊர்க் காட்டு முயல் ஹேர் சாதி. கன்னி, சிப்பிப்பாறை நாய்களுக்கு அவ்வளவு நீளக் கால் இருப்பதும் அதைத் துரத்தத்தான். அந்தப் பழக்கத்தில் இங்கிலாந்தில் லர்ச்சர் (கிரேஹவுண்ட் போன்ற ஓட்ட நாயை மேய்ப்பு நாயோடோ டெரியரோடோ சேர்த்த கலப்பு வேட்டை நாய்) தேடினால் நாய்த் தேர்வும் பிசகும், சட்டமும் பிடிக்கும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரி 18 முதல் நாயை விட்டு ஹேர் துரத்துவது குற்றம். 1836இல் தொடங்கிய, நாய்கள் ஹேர் துரத்தும் வாட்டர்லூ கோப்பைப் பந்தயமும் அந்த மாதத்தோடு முடிந்தது. ராபிட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நிலக்காரர் அனுமதி வேண்டும். அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஸ்காட்லாந்தின் 2023 சட்டம் இன்னும் கடுமையானது, ஆகவே இங்கே சொல்வதை வைத்து அங்கே நாய் இறக்காதீர்கள்.

படி 1: ஓட்டத்தின் தூரத்தை முடிவு செய்யுங்கள்

‘26 அங்குலம், சலூக்கி ரத்தம்’ என்று பழைய ஆட்கள் சொல்வது ஹேருக்கான கணக்கு. சலூக்கி என்பது நெடுந்தூரம் ஓடும் மேற்காசிய வேட்டை நாய். ஹேர் வளைக்குள் போகாது. திரும்பித் திரும்பி நிமிடக்கணக்கில் ஓடும். அதற்கு எட்டு வைக்கும் நீளமும் தாங்கும் மூச்சும் தேவை. ராபிட் அப்படியில்லை, வளை வாய் எட்டும்வரைதான் ஓட்டம். முதல் நாலு தாவலில் வேகம் பிடித்து, சட்டென்று திரும்பத் தெரிந்த நாய்தான் அங்கே உதவும். 26 அங்குல நாய் வேகம் பிடிப்பதற்குள் ராபிட் உள்ளே போயிருக்கும். கனத்த உடம்பு அதே வேகத்தில் திரும்பும்போது மணிக்கட்டும் விரல்களும் வாங்குகிற அடியும் அதிகம்.

என் கணக்கு: வேலியோரப் பகல் வேலைக்கு 19 முதல் 21 அங்குலம். திறந்த புல்வெளியில் இரவில் விளக்கடித்துப் பிடிக்க 22 முதல் 24. அதற்கு மேல் புதியவருக்குத் தேவையே இல்லை.

படி 2: உயரத்தை நீங்களே அளங்கள்

விளம்பரத்தில் வரும் உயரம் தோள் உச்சி வரை, தலை வரை அல்ல. குட்டியின் தாயைக் கெட்டித் தரையில், சுவரை ஒட்டி, தலை இயல்பாக இருக்கும்படி நிறுத்துங்கள். தோள்பட்டை எலும்புகளின் உச்சியில் ஒரு ரசமட்டத்தைக் குறுக்கே வைத்து, குமிழி நடுவில் நிற்கும்போது சுவரில் கோடு போட்டு, இரும்பு டேப்பால் அளங்கள். தையல் டேப் வேண்டாம். அது உடம்பின் வளைவோடு போய் ஓர் அங்குலம் கூட்டிக் காட்டும்.

படி 3: பின்னத்தைப் படிப்பது

பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. கிரேஹவுண்டும் ஆடு மேய்க்கும் கோலியும் சேர்ந்தால் குட்டி ‘அரைக்கு அரை’. அந்தக் குட்டி வளர்ந்து மறுபடி கிரேஹவுண்டோடு சேர்ந்தால் முக்கால் கிரேஹவுண்ட், கால் கோலி. அரையும் முக்காலும் சேர்ந்தால் 5/8. இதுவரை வெறும் கூட்டி வகுக்கிற கணக்கு.

சிக்கல் இனிமேல்தான். அரைக்கு அரை நாய் இரண்டைச் சேர்த்தாலும் காகிதத்தில் குட்டிகள் ‘அரைக்கு அரை’தான். ஆனால் இரண்டு ஈற்றும் ஒன்றல்ல. அசல் கிரேஹவுண்டுக்கும் அசல் கோலிக்கும் பிறந்த குட்டிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். இரண்டு கலப்புகளுக்குப் பிறந்த ஈற்றிலோ ஒன்று கிரேஹவுண்ட் போல மெலிந்து நிற்கும், இன்னொன்று கோலி போலக் குட்டையாக, ரோமம் அடர்ந்து இருக்கும். பின்னம் முன்னோரின் கணக்கு. இந்தக் குட்டிக்கு எது எவ்வளவு வந்தது என்று அது சொல்லாது. எனவே ‘எத்தனை பங்கு?’ என்று மட்டும் கேட்காமல், ‘தாயும் தகப்பனும் அசலா, கலப்பா?’ என்று கேளுங்கள். இரண்டும் கலப்பு என்றால் முந்தைய ஈற்றில் வளர்ந்த நாய்களைப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

படி 4: கலப்பு

புதியவருக்கு என் முதல் சிபாரிசு பெட்லிங்டன் டெரியர், விப்பெட் (சின்ன கிரேஹவுண்ட் போன்ற நாய்) கலப்பு. முரட்டு ரோமம் முள்வேலியைத் தாங்கும், மூக்கும் நன்றாக வேலை செய்யும். வெறும் விப்பெட்டின் தோல் கம்பியில் காகிதம் போலக் கிழியும். இரண்டாவது கிரேஹவுண்ட், கோலி கலப்பு. சொன்னதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், வேகம் கொஞ்சம் குறையும். சலூக்கிக் கலப்பு இப்போதைக்கு வேண்டாம். கூப்பிட்டால் திரும்பி வரப் பழக்குவதற்குள் பொறுமை போய்விடும். கிரேஹவுண்டையும் சலூக்கியையும் மட்டும் சேர்த்ததற்கு லாங்டாக் என்று பெயர், அதை லர்ச்சர் என்று விற்றால் உஷாராகுங்கள்.

படி 5: ரத்தத்தோடு வரும் பிரச்சினை

கோலி ரத்தம் கால் பங்கே இருந்தாலும் எம்டிஆர்1 மரபணுக் குறை வந்திருக்கலாம். அந்தக் குறை உள்ள நாய்க்கு, வயிற்றுப்போக்குக்கு நாம் போடும் லோபராமைடு மாத்திரை மூளையைத் தாக்கும். அதிக அளவு ஐவர்மெக்டின் பூச்சி மருந்தும் அப்படித்தான். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தேய்த்து அனுப்பினால் பரிசோதித்துச் சொல்வார்கள். கிரேஹவுண்ட் ரத்தம் இருந்தால் மயக்க மருந்துக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். தயோபென்டால் வகை மருந்திலிருந்து இவை தெளிய வெகுநேரம் பிடிக்கும்.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது. தாயோடு காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

பின்சேர்க்கை: வேட்டையே வேண்டாம் என்பவர்களுக்கு

பிளாஸ்டிக் பையைக் கயிற்றில் கட்டி மோட்டாரால் இழுக்கும் லூர் கோர்சிங்கில் நாய் முழு வேகத்தில் ஓடலாம், எந்தப் பிராணியும் சாகாது. அங்கே உயரமான நாயும் சரிதான். ஆனால் கப்பி வைத்துக் கயிறு மடக்குகிற திருப்பங்களில்தான் கால் போகும். 12 மாதத்துக்கு முன் எந்த லர்ச்சரையும் அதில் இறக்காதீர்கள், 24 அங்குலம் தாண்டுகிற நாய் என்றால் 15 மாதம் வரை பொறுங்கள். எலும்பு நுனியின் வளர்தட்டு அதுவரை மூடியிருக்காது. ஓட்டத்துக்கு முன் முன்காலின் உள்பக்கம் தரை தொடாமல் இருக்கும் ஒட்டு நகத்தைச் சுற்றி ஒட்டுத்துணி போடுங்கள், விரல் நுழைகிற தளர்வில். இறுக்கிச் சுற்றினால் பாதம் வீங்கும். ஓடி முடித்ததும் கழற்றிவிடுங்கள்.