வன்னித் தேக்கங்காட்டில் மரவளர்ச்சியைக் கூட்டாக அளத்தல்

ஒரு தேக்கின் விட்டம் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் கூடினால் அதன் சுற்றளவு 3.14 சென்ரிமீற்றர் கூடும். 80 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள மரத்தில் நாடா பத்துப் பாகை சரிந்தாலே அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் பொய்யாக ஏறிவிடும். ஆகவே கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்து மாணவர், வனவளத் திணைக்கள உத்தியோகத்தர், ஊர் இளைஞர் எனப் பலர் அளக்கும்போது, எல்லோர் கையும் ஒரே கைபோல் இயங்கப் பழக வேண்டும்.

முதலில் திணைக்களத்தின் அனுமதியையும், அளக்கப்போகும் துண்டு மிதிவெடி அகற்றப்பட்ட நிலம் என்ற உறுதியையும் பெறுங்கள். முல்லைத்தீவுப் பக்கத்தில் இதை ஒருபோதும் ஊகத்துக்கு விடக்கூடாது. யானை நடமாட்டத்தை ஊரவரிடம் கேட்டறிந்து, வெயில் ஏறிய பின் இறங்கி மாலைக்கு முன் திரும்புங்கள்.

நிரந்தர மாதிரித் துண்டுக்கு, அதாவது ஆண்டுதோறும் திரும்ப அளக்கும் நிலத்துக்கு, 12.62 மீற்றர் ஆரையுள்ள வட்டம் போதும். அது 500 சதுர மீற்றராகும். வன்னி நிலம் பெரும்பாலும் சமதரையாதலால், சரிவில் ஆரையைக் கூட்டிக்கொள்ளும் சரிவுத் திருத்தம் அரிதாகவே தேவைப்படும். நடுவில் ஆழமாக முளையடித்து, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக மரங்களுக்கு இலக்கமிடுங்கள். அடிமரத்தின் நடுப்புள்ளி வட்டத்துக்குள் இருந்தால் மட்டுமே அந்த மரம் கணக்கில் சேரும்.

அளக்கும் உயரம் தரையிலிருந்து 1.3 மீற்றர். இதைக் கண்மட்டாக எடுக்காமல், அந்த நீளத்துக்கு வெட்டிய தடியை மரத்தோடு நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். தடியின் அடி சருகின் மேலோ கறையான் புற்றின் மேலோ நிற்காமல் மண்ணில் நிற்க வேண்டும். உரிந்து தொங்கும் பட்டையை உள்ளங்கையால் மெதுவாகத் துடைத்துவிட்டு, நாடாவை மட்டமாகச் சுற்றி, தொய்யாமலும் பட்டையை நெரிக்காமலும் பிடித்து, மில்லிமீற்றர் வரை வாசியுங்கள். பிறகு அதே கோட்டில் பெயின்ற் அடையாளம் இடுங்கள். அடுத்த ஆண்டு அளப்பவருக்கு வழிகாட்டி அந்தக் கோடுதான். 1.3 மீற்றருக்குக் கீழே கிளைத்த மரத்தை இரு தண்டாகக் கொள்ளுங்கள். அடிமரத்தில் வேரையொட்டி வரிவரியாகப் புடைத்திருக்கும் வரிப்புடைப்பு அந்த உயரம்வரை ஏறியிருந்தால் அதற்கு மேலே அளந்து, அளந்த உயரத்தையும் எழுதுங்கள்.

வேலை தொடங்கும் நாளில் பத்து மரங்களை ஒவ்வொரு குழுவும் மற்றவரின் எண்ணைப் பாராமல் தனித்தனியே அளக்கட்டும். நாங்கள் முள்ளியவளையில் இதைத் தவிர்த்தோம். ஒரு குழு மேட்டுப் பக்கத்திலும் மற்றது பள்ளப் பக்கத்திலும் தடியை ஊன்றியதால் அந்த ஆண்டுத் தரவில் பாதியை ஒதுக்க நேர்ந்தது. எனக்கு அது இன்றும் மனக்குறை. மேடு பள்ளமுள்ள இடத்தில் மேட்டுப் பக்கத்திலிருந்தே அளக்க வேண்டும்.

பட்டை மழையில் ஊறினால் வீங்கும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் வடகீழ்ப் பருவமழைக்கு முந்திய ஆவணியில், அதே வாரத்தில் அளப்பது நல்லது.

படிவத்தைப் பென்சிலால் நிரப்பி, அளந்தவர் பெயரையும் சேருங்கள். சென்ற ஆண்டு எண்ணை வாசிப்பவருக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடாது. எழுதுபவர் மட்டும் ஒப்பிட்டு, சுற்றளவு குறைந்திருந்தால் அந்த இடத்திலேயே மறுபடி அளக்கச் செய்யட்டும். ஒரு பிரதி சனசமூக நிலையத்திலும் இருக்கட்டும்: மாணவர் படிப்பு முடிந்து போவர், உத்தியோகத்தர் இடமாற்றம் பெறுவர், முளை எங்கே நின்றதென்று காட்ட ஊரவர்தான் இருப்பர்.